லூமாவின் மீதிப் பாதி

லூமா என்ற புயல் புன்னைத்துறைக்குப் பாதி வந்து, மீதிப் பாதியைக் கடலில் நிறுத்திவைத்துக்கொண்டு பதினோரு வருஷம் காத்திருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். புன்னைத்துறைக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் அந்தப் பாதியைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கினார்கள், அதைப் பார்த்துக்கொண்டே வலை பின்னினார்கள், அதைப் பின்னால் வைத்துக் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் அது பாட்டுக்கு அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அது இன்னும் முடியவில்லை என்று ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி தில்லைநாயகி, ஊரின் வானிலை ஆய்வுக்கூடத்தில் அப்சர்வர். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவளும் பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்சர்வர் வேலை பார்வைக்கு எளிது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே போய், வெள்ளைப் பெட்டிக்குள் தொங்கும் வெப்பமானிகளைப் படித்து, மழைமானியை அளந்து, கம்பத்தின் உச்சியில் சுழலும் கிண்ணங்களிலிருந்து காற்றின் வேகத்தைக் குறித்துக்கொண்டு, கடைசியாக உள்ளறைக்கு வந்து சுவரில் மாட்டியிருக்கும் பாரோமீட்டரில் பாதரசம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் எண்களாக்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே இதுபோல நூறு ஊர்களின் எண்களையும், கடலில் மிதக்கும் மிதவைகள் சொல்வதையும், மேலேயிருந்து செயற்கைக்கோள் எடுத்த படங்களையும் ஒன்றாகப் போட்டு, மேகம் எப்படிச் சுருள்கிறது, எங்கே போகிறது என்று கணக்கிடுவார்கள். வெளியே முதலில், பாரோமீட்டர் கடைசியில். அந்த வரிசையை மாற்றக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், தில்லைநாயகி மாற்றவில்லை. வினையே அங்கேதான் தொடங்கியது.

லூமா வந்த அன்று அவளுக்கு இருபத்தாறு வயது. மூத்த அதிகாரி, மரம் விழுந்த சாலையில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். போன் செத்துக் கிடந்தது. அவள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. ஆய்வுக்கூடத்தை ஒட்டிய புயல் பாதுகாப்பு மையத்தில் அறுநூற்றுப் பதினாலு பேர் ஈரத்துணியோடு குந்தியிருந்தார்கள். அந்த மையத்தின் பதிவேட்டையும் அவள்தான் எழுதினாள். காலையிலிருந்து வடக்கேயிருந்து அடித்த காற்று, தென்னைகளையெல்லாம் தெற்கே பார்த்து வளைத்துப்போட்டுவிட்டு, மதியம் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினதுபோல நின்றது. வெயில் வந்தது. ஒரு காகம் கத்தியது. கம்பத்து உச்சியில் கிண்ணங்கள் அசையவில்லை. அவள் தாளில் 'காற்று இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தபோது மீனவர்களின் ஊர்த் தலைவர் கலியபெருமாள் வந்து நின்றார்.

"போலாங்களா மேடம்? படகெல்லாம் என்னா ஆச்சோ தெரியல. புள்ளைங்க பசியில அழுவுது."

"கடந்துருச்சுங்க. போங்க," என்றாள் அவள்.

அறுநூற்றுப் பதிமூன்று பேர் வெளியே போனார்கள். ஒருத்தி மட்டும், கருவாடு விற்கும் அஞ்சம்மாள், பாயைச் சுருட்டாமல் மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். வீடு போய்விட்டது, போக இடமில்லை என்று தில்லைநாயகி நினைத்துக்கொண்டாள். அப்புறம் வரிசைப்படி உள்ளறைக்குப் போய் பாரோமீட்டரைப் பார்த்தாள். தொள்ளாயிரத்து அறுபத்தெட்டுப் புள்ளி நாலு மில்லிபார். புயல் போயிருந்தால் பாதரசம் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு நூல்கூட ஏறவில்லை. இது முடிவு இல்லை, புயலின் கண். நடுவில் இருக்கிற அமைதியான ஓட்டை. இது நகர்ந்ததும் மறுபாதி வரும், அதன் காற்று தெற்கேயிருந்து வரும், முதல் பாதியைவிட மூர்க்கமாக வரும் என்று முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது.

அவள் வாசலுக்கு ஓடினாள். கரை முழுக்க ஆட்கள். பெண்கள் பாத்திரம் பொறுக்கினார்கள், ஆண்கள் கவிழ்ந்த படகுகளை நிமிர்த்தினார்கள், பிள்ளைகள் செத்த மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வானம் தொடுகிற சாம்பல் சுவராக லூமாவின் மறுபாதி வந்துகொண்டிருந்தது. அவளுக்குக் குரல் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. ஆட்களைத் திரும்பக் கூப்பிடக் கையை மட்டும் தூக்கினாள். ஆட்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. புயல் பார்த்தது. கரையிலிருந்து ஏழு கிலோமீட்டரில், கை காட்டினால் நிற்கிற டவுன் பஸ் மாதிரி, நின்றது.

முதல் மாதம் ஊர் பயந்தது. தலைமை அலுவலகம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அறிக்கை விட்டது: லூமாவின் மையம் புன்னைத்துறையில் உள்ளது, பின்பகுதி கடலில் உள்ளது, கடந்த மூன்று மணி நேரத்தில் நகரவில்லை. போலீஸ் ஜீப்பில் மைக் கட்டி ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். நான்கு தடவை போனார்கள், நான்கு தடவை திரும்பி வந்தார்கள். ஐந்தாவது தடவை யாரும் நகரவில்லை. கலியபெருமாள் தாசில்தாரிடம் சொல்லிவிட்டார்: "நம்ம மேடமே அன்னிக்குக் கடந்துருச்சுன்னு சொல்லிட்டாங்க. அங்க நிக்கிறது போன புயலோட தட்டுமுட்டுச் சாமான். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அப்படியே கிடந்தது. அதைச் 'சுவரு' என்று கூப்பிட ஊர் பழகிவிட்டது. சுவரடியில் வஞ்சிரமும் வாவல் மீனும் கூட்டம் கூட்டமாக வந்து ஒதுங்கியதால் படகுகள் அதுவரை போய், அதன் ஈரச்சாரல் முகத்தில் படுகிற தூரத்தில் வலை போட்டுத் திரும்பின. ஊருக்குள் காற்று என்பதே இல்லாமல் போனதால் கோலங்கள் வாரக்கணக்கில் கலையாமல் கிடந்தன, கோயிலில் ஏற்றிய கற்பூரம் கடைசிச் சொட்டு வரை நிமிர்ந்து எரிந்தது, சுடுகாட்டுப் புகை பிசகாமல் நேர்கோட்டில் மேலே போனதைப் பார்த்து ஆறுதல் அடைந்தவர்களும் உண்டு. எள் தூற்ற முடியாமல் பெண்கள் களத்துக்கு டேபிள் ஃபேன் கொண்டுபோனார்கள். கருவாடு காய இரண்டு நாளுக்குப் பதில் ஐந்து நாள் பிடித்தது. வெட்டவெளியில் இறகுப்பந்து ஆட உலகத்திலேயே தோதான இடம் இதுதான் என்று பள்ளிக்கூட பி.டி. வாத்தியார் கண்டுபிடித்து, கடற்கரை முழுக்கக் கோடு போட்டு வலை கட்ட, மாவட்டக் கோப்பைகள் எல்லாம் வரிசையாகப் புன்னைத்துறைக்கு வந்து சேர்ந்தன. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த சமத்துவபுரம் ஸ்டாப்பில் பஸ் உள்ளே நுழைகிறபோது, "காத்து வாங்குறவங்க இப்பவே வாங்கிக்குங்க," என்று கண்டக்டர் அறிவிப்பார். அந்த வருஷங்களில் பிறந்த பெண் குழந்தைகளில் மூன்று பேருக்கு லூமா என்று பேர். ஐந்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சையில் 'காற்றுக்குத் திசை உண்டா?' என்ற கேள்விக்கு வகுப்பு மொத்தமும் 'இல்லை' என்று எழுதியது. டீச்சர் யோசித்துவிட்டு எல்லாருக்கும் மார்க் போட்டாள்.

வளைந்த தென்னைகள் வளைந்தபடியே காய்த்தன. அவற்றுக்கும் கடலுக்கும் நடுவே, முன்பு யாரும் குடிசைகூடப் போடாத மணலில், மூன்று வரிசைக்கு மாடி வீடுகள் எழும்பின. சுவரு இருக்கிறவரை வேறு எந்தப் புயலும் உள்ளே வராது என்பது ஊரின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்றும் சொல்ல முடியாது; இடையில் வந்த ஆறு புயல்களும் சுவரைக் கண்டு விலகி ஒடிசாப் பக்கம் போயின.

தில்லைநாயகி ஒவ்வொரு வீடும் எழும்புவதைப் பார்த்தாள். அஸ்திவாரம் தோண்டுகிறபோது போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். கூரை போடுகிறபோதும் நினைப்பாள். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். மூன்று தடவை மாற்றல் உத்தரவு வந்தது, மூன்று தடவையும் எழுதிக்கொடுத்து ரத்து செய்துகொண்டாள். கல்யாணப் பேச்சு எடுத்த அண்ணனிடம், இங்கே ஒரு வேலை பாதியில் இருக்கிறது என்றாள். தன் கை கீழே இறங்கினால் சுவர் நகர்ந்துவிடும் என்று சில நாள் தோன்றும். மனுஷி கை காட்டிப் புயல் நிற்குமா என்று சில நாள் தன்னையே திட்டிக்கொள்வாள். பாதரசம் மட்டும் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டுப் புள்ளி நாலில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதிவேட்டில் உள்ளே வந்தவர் அறுநூற்றுப் பதினாலு, வெளியே போனவர் அறுநூற்றுப் பதிமூன்று என்று இருந்ததால் அந்தப் பக்கத்தையும் மூட முடியவில்லை. ஏனென்றால் அஞ்சம்மாள் மையத்தை விட்டுப் போகவேயில்லை. மூலையில் பாய், மொட்டைமாடியில் கருவாடு, வராந்தாவில் வியாபாரம். அரசாங்கக் கட்டடத்தை வளைத்துப்போட்டுவிட்டாள் என்று ஊர் பேசியது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். அவள் அதில் நெத்திலி மடித்துக் கொடுத்தாள்.

பன்னிரண்டாவது ஐப்பசி தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, அந்தமானுக்குத் தெற்கே மேகம் சேர்ந்தது. முதலில் அது வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. கடல் சூடாக இருந்ததால் மறுநாள் தாழ்வு மண்டலம் ஆனது. இன்னும் பேர் வைக்கிற அளவுக்கு வளரவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து சடகோபன் போன் செய்தார். இருபது வருஷமாகப் புயல்களின் வழியைக் கணித்தவர், பேச்சு எப்போதும் நிதானமாக இருக்கும். அன்று இல்லை.

"கம்ப்யூட்டர்ல ஒன்பது மாடல் ஓட்டிப் பாத்தோம்மா. ஒண்ணுலகூட புதுசு உங்க ஊருக்கு வரல. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியே வளைஞ்சு மேல போயிடுது."

"அப்ப நல்லதுதானே சார்?"

"ரெண்டு புயல் ஒண்ணுக்கொண்ணு கிட்ட வந்தா ஒண்ண ஒண்ணு சுத்த ஆரம்பிக்கும். முன்ன வந்த ஆறும் இவ்வளவு கிட்ட வரல. ஒண்ணு இழுத்தா இன்னொண்ணு நகரும். புதுசு அந்தப் பக்கம் போகுறப்ப, உங்க பழசு இந்தப் பக்கம் வரும். வெள்ளிக்கிழமை. காலையிலயா மதியமான்னு சொல்ல முடியல. நாலு மணி நேரம் முன்ன பின்ன இருக்கும்."

"நிச்சயமா சார்?"

"நிச்சயம்னு நம்ம வேலையில எதுவும் கெடையாது. ஆனா நான் அங்க இருந்தா வியாழக்கிழமை ராத்திரி அந்த மணல்ல படுக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது, மைக் கத்தியது, ஊர் இறகுப்பந்து ஆடியது. சுவரு இருக்கும்போது எந்தப் புயல் வரும் என்றார்கள். துறைமுகம் கட்டத்தான் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று ஒருவன் கிளப்பிவிட, அது மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தில்லைநாயகி அன்று கலியபெருமாளைத் தேடிப் போனாள். அவர் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவங்க ஆயிரம் சொல்லுவாங்க மேடம். நீங்க அன்னிக்கு ஒரு வார்த்த சொன்னீங்க, அதுல நாங்க பொழச்சோம். எங்களுக்கு அதான்."

அவள் டீயைக் கீழே வைத்தாள். மூவாயிரம் பேர் தன் ஒரு வார்த்தையின்மேல் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த வார்த்தையைத் தானே பிடுங்கினால் ஒழிய ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை காலை, மீன் ஏலக்கூடத்தில் ஊரே கூடியிருந்த நேரம், அவள் எடைத் தராசுப் பலகைமேல் ஏறி நின்றாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு," என்றாள். பதினோரு வருஷம் வராத குரல் இப்போது கொஞ்சம் அதிகமாகவே வந்தது. "புயல் கடக்கல. பாதிதான் கடந்துச்சு. பாரோமீட்டரப் பாக்காம உங்கள வெளிய அனுப்பிட்டேன். பாத்ததுக்கு அப்புறமும் சொல்லல. அங்க நிக்கிறது தட்டுமுட்டுச் சாமான் இல்ல. அது நமக்கு வரவேண்டிய மீதி. வெள்ளிக்கிழம வருது."

ஏலம் கூவிக்கொண்டிருந்தவன் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தான். அழுகையை அடக்க அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். கலியபெருமாள் கேட்டார்: "எம் பொண்ணு அன்னிக்கு எட்டு மாசப் புள்ளத்தாச்சி மேடம். கரையில நின்னா. தெரிஞ்சும் பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமாங்க."

ஒரு பெண் கையிலிருந்த கூடையை அவள் காலடியில் விட்டெறிந்தாள். எவனோ, இதுவும் துறைமுகத்துக்காரன் சொல்லிக்கொடுத்த பேச்சுதான் என்றான். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில், யாரோ ஒருவர், அந்த மீட்டரைக் காட்டட்டும் என்று சொன்னது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. ஊர் மொத்தமும் ஆய்வுக்கூடத்துக்கு நடந்தது.

உள்ளறையில் மூன்று பேருக்கு மேல் நிற்க முடியாது. வாசல் வழியாக நுழைந்து பின்கதவு வழியாக வெளியேற வரிசை கட்டினார்கள், மீன் வாடையோடு, இடுப்பில் குழந்தைகளோடு, செருப்பை யாரும் சொல்லாமலே வெளியே கழற்றிவிட்டு. தில்லைநாயகி ஒவ்வொரு மூன்று பேருக்கும் விரலை வைத்துக் காட்டினாள்: சாதாரண நாளில் பாதரசம் இங்கே, ஆயிரத்துப் பத்தில் நிற்கும், லூமா வந்த அன்று இங்கே இறங்கியது, இன்றும் இங்கேயே நிற்கிறது, இது ஏறுகிறவரை புயல் முடியவில்லை. இதையே அவள் ஆயிரம் தடவை சொன்னாள். பார்த்துவிட்டு வந்தவர்கள் வளைந்த தென்னைகளுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். நம்பலாமா கூடாதா என்று அப்போதும் யாருக்கும் தெரியவில்லை.

"என்னத்த யோசிக்கிறீங்க?" என்றது ஒரு குரல். பக்கத்து மையத்தின் வராந்தாவை ஒட்டிய காம்பவுண்டு சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அஞ்சம்மாள் நின்றாள். "எங்கப்பன் இப்புடித்தான் போனாரு. எனக்கு ஏழு வயசு. காத்து நின்னுச்சு, வெயிலடிச்சுச்சு, படகப் பாத்துட்டு வர்றேன்னு போனாரு. அப்புறம் தெக்கேருந்து வந்துச்சு. அதான் அன்னிக்கு நான் கெளம்பல. இன்னி வரைக்கும் கெளம்பல."

தில்லைநாயகி காம்பவுண்டு ஓரம் வந்தாள். "உங்களுக்குத் தெரியுமா? ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"ஒரே ஒரு தடவ சொன்னேன். கருவாடு விக்கிறவளுக்குக் கிறுக்குன்னாங்க. சத்தம் போட்டுச் சொல்லியிருந்தா ஒன்னயத்தான் அன்னிக்கே அடிச்சு வெரட்டியிருப்பாங்க. அப்புறம் அது கெளம்புற அன்னிக்கு எவ சொன்னா இவங்க கேப்பாங்க?" அவள் கூட்டத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "நீ என்னிக்காச்சும் வாயத் தொறப்பேன்னு பாத்தேன். பதினோரு வருசம் ஆக்கிட்டியேடி."

கலியபெருமாள் எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டினார். தில்லைநாயகியைப் பார்க்காமல், மனைவியிடம், "அரிசிய எடுத்து வை," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊர் மூட்டை கட்டத் தொடங்கியது.

மையத்தில் கொள்ளாதவர்களைச் சமத்துவபுரத்துக்கு அப்பால் பள்ளிக்கூடங்களுக்குப் பஸ்களில் ஏற்றினார்கள். மையத்துக்கு வந்தவர்கள் எழுநூற்று இருபது. அஞ்சம்மாள் பெயரை எழுதப் போனபோது, "நான்தான் ஏற்கெனவே உள்ள இருக்கேனே," என்று தள்ளிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை எட்டரை, பதினொன்றரை, இரண்டு தடவையும் சுவர் நகரவில்லை. நண்பகலில், மறந்துவிட்ட ஆடு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கலியபெருமாள் கடைசி ஆளாக மணலில் வந்துகொண்டிருந்தார். தில்லைநாயகி வாசலில் நின்று, சீக்கிரம் வாங்க என்று கையைத் தூக்கிக் கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலும் சேர்ந்து வந்தது. அவர் அவளைத் தாண்டி உள்ளே போனதும் கை இன்னும் தூக்கியபடியே இருப்பதைப் பார்த்தாள். பதினோரு வருஷமும் அது அப்படியேதான் இருந்திருக்கிறது என்று தோன்றியது. தோள் அவ்வளவு வலித்தது. கையை மெல்ல இறக்கினாள்.

சுவர் நகர்ந்தது.

தெற்கேயிருந்து வந்த காற்று முதலில் கோலங்களை அழித்தது, பிறகு இறகுப்பந்து வலைகளைப் பிய்த்தது, பிறகு கடலைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று வரிசை மாடி வீடுகளையும் வந்த வழியே இழுத்துப்போனது. மையத்துக்குள் பத்து வயதுக்குக் கீழே இருந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சத்தம் தெரியாது. லூமாக்களில் ஒருத்தி, "யாரும்மா கதவத் தட்டுறது?" என்று கேட்டாள். "ஒம் பேருக்காரிதான்," என்று அம்மா சொன்னாள். வீடு போகிற சத்தத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாக அடையாளம் கண்டுகொண்டார்கள்.

மூன்றரை மணிக்குச் சத்தம் தணிந்தது. மேகத்தில் ஓர் ஓட்டை விழுந்து வெயில் எட்டிப் பார்த்தது. கலியபெருமாள் எழுந்து, இரண்டு நாள் கழித்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"போலாங்களா மேடம்?"

"இருங்க," என்றாள். மழையில் நனைந்துகொண்டே ஆய்வுக்கூடத்துக்கு ஓடி, வெளியே எதையும் படிக்காமல் நேராக உள்ளறைக்குப் போனாள். தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. நகர்ந்திருந்தது. கண்ணாடிக் குழாயில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு திரும்பி வந்து, "ஏறுது. ஆனா இன்னும் ஒரு மணி நேரம்," என்றாள். எழுநூற்று இருபது பேரும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்கள். நாலரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இன்னும் அரை மணி என்றாள். அதற்கும் உட்கார்ந்தார்கள். ஐந்து மணிக்கு, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஆறில் பாதரசம் ஏறிக்கொண்டே இருந்தபோது, கதவைத் திறந்து, "கடந்துருச்சுங்க. போங்க," என்றாள்.

போனார்கள். வெளியே தென்னைகளெல்லாம் நிமிர்ந்து நின்றன. அவள் வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்து எழுநூற்று இருபது பேரையும் ஒவ்வொருவராக எண்ணி அனுப்பிவிட்டு, பழைய பக்கத்தைத் திருப்பினாள். அஞ்சம்மாள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பேனாவை வாங்கி, பதினோரு வருஷமாகக் காலியாகக் கிடந்த கட்டத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். வாசற்படியைத் தாண்டுகிறபோது காற்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று அது எந்தத் திசை என்று பார்த்தாள்.

"நல்லா அடிக்குது," என்றாள். "கருவாடு ரெண்டு நாள்ல காஞ்சிரும்."